80 சதவீதத்தோடு நிறுத்தி இரண்டு வருஷம்: என் போன் பேட்டரி கதை

2024 தொடக்கத்தில் துபாயிலிருந்து ஊருக்கு வந்த மச்சான் எனக்கும் காக்காவுக்கும் (அண்ணன்) ஆளுக்கொரு ஐபோன் 15 கொண்டுவந்தார். நான் அன்றைக்கே சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டுவிட்டேன், காக்கா எப்போதும் நூறுதான். இரண்டு வருஷம் தாண்டி இப்போது பார்த்தால் என் பேட்டரி ஆரோக்கியம் (புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது பிடிப்பது) 91 சதவீதம், சுழற்சி (மொத்தமாக நூறு சதவீத சார்ஜ் செலவானால் ஒன்று) 470. காக்காவுடையது 84, சுழற்சி 650.

அப்போ 80 போட்டதுதான் காரணமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் கீழக்கரையில் கடைக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன். காக்கா ஏர்வாடியிலிருந்து மதுரைக்குக் குட்டியானையில் மீன் ஏற்றிப் போகிறவர், போன் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் நிற்கும், மேப்பும் ஓடும், சார்ஜும் ஏறும். ஒரு நாள் கூடப் போனேன். பரமக்குடி தாண்டி போனைத் தொட்டால் கை பொறுக்கவில்லை, சூடு தணிந்த பிறகுதான் சார்ஜ் ஏறும் என்று திரையில் வந்திருந்தது. 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது, மதுரைப் பக்கம் மே மாதம் நிழலே அதைத் தாண்டும்.

லித்தியம் பேட்டரி நிரம்ப நிரம்ப வோல்டேஜ் ஏறும், அந்த உச்சத்திலேயே மணிக்கணக்கில் கிடந்தால் உள்ளே மெல்லச் சிதையும், சூடும் சேர்ந்தால் வேகமாகச் சிதையும். அதனால் நூறு ஏற்றி உடனே பயன்படுத்தக் கிளம்புகிறவருக்குப் பெரிய கெடுதல் இல்லை, ராத்திரி முழுக்க தலையணைக்கடியில் சார்ஜரோடு கிடப்பதுதான் பேட்டரியைத் தின்னும்.

80 போட்டால் அஸர் (மாலைத் தொழுகை) நேரத்துக்கெல்லாம் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். கடையில் பிளக் இருக்கிறது, எனக்குச் சரி. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்துகிற நாளில் நானும் நூறு ஏற்றிக்கொள்வேன். (எப்போதாவது போனே தானாக நூறுக்குப் போகும், அளவு சரிபார்க்கத்தான், பயப்பட வேண்டாம்.) வள்ளத்தில் போகிற சாச்சா மகன் கேட்டபோது, நீ நூறே போடு என்றேன். கடலில் போன் அணைந்துவிட்டால் பேட்டரி ஆரோக்கியத்தை வைத்து என்ன செய்வது?

காக்காவிடம் 80 பற்றிப் பேசவில்லை. போனைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, கியருக்குப் பக்கத்தில் நிழலில் வைக்கச் சொன்னேன். இப்போது அங்கேதான் இருக்கிறது, மேப் சொல்வதைக் காதால் கேட்டே ஓட்டுகிறார்.