எல்லாப் பிள்ளைகளுக்குமான கோடை முகாம்: வாங்க வேண்டியவை, வேண்டாதவை

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாட உதவும் என்று விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவை வகுப்பறைக்காகச் செய்யப்பட்டவை. திறந்தவெளி முகாமின் வெயிலும் மண்ணும் வியர்வையும் அவற்றின் கணக்கிலேயே இல்லை. அந்தக் கண்ணோடுதான் இந்த மதிப்பீடு.

முதலில் வாங்க வேண்டியது பட அட்டவணை, அதாவது அன்றைய நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டும் பட அட்டைகள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றம்தான் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல். முகாமில் பேசும் மொழி புரியாத பிள்ளைக்கும் படம் உதவும். ஆனால் கடையில் கிடைக்கும் செட்டுகளில் பல பளபளப்பான லேமினேஷனோடு வருகின்றன. வெயிலில் தூக்கிப் பிடித்தால் படத்துக்குப் பதில் வானம்தான் தெரியும். மேட் லேமினேஷன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அட்டையைச் சுற்றி 5 மில்லிமீட்டராவது பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டியிருக்க வேண்டும். ஒட்ட வெட்டியிருந்தால் ஈரம் உள்ளே புகுந்து காகிதம் உப்பிவிடும்.

அடுத்த குறை வெல்க்ரோ. அதில் மண்ணும் காய்ந்த புல்லும் சிக்கி, சீக்கிரமே பிடிப்பு போய்விடுகிறது. இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு துணி கிளிப் போடுவது இதைவிட மேல். ஒரே கிளிப் போட்டால் காற்றில் அட்டை திரும்பிக்கொள்ளும். கயிறு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் முடிந்துபோன அட்டையைத் தானே கழற்றலாம். நாள் முழுவதையும் ஒரேயடியாகத் தொங்கவிடாதீர்கள். மூன்று நான்கு அட்டை போதும். செட்டில் 'போதும்', 'கழிப்பறை', 'திட்டம் மாறியது' என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழை வந்து நீச்சல் ரத்தாகும்போது 'திட்டம் மாறியது' அட்டை இல்லையென்றால் அட்டவணையே பொய்யாகிவிடும். அதன்பிறகு பிள்ளை அதை நம்பாது.

காதை மூடி இரைச்சலைக் குறைக்கும் இயர் மஃப் வாங்கலாம், ஆனால் அதிக டெசிபல் குறைப்பதே நல்லது என்று நினைக்க வேண்டாம். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எஸ்என்ஆர் எண் 20 முதல் 25 வரை இருந்தால் முகாமுக்குப் போதும். அதற்கு மேல் போனால் கூப்பிடுவதும் விசிலும்கூடக் காதில் விழாமல் போகலாம். விசிலோடு ஒரு கொடியையும் உயர்த்துங்கள். காது கேளாத பிள்ளைக்கும் அதே கொடி பயன்படும். கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காம்பு மஃபின் விளிம்பைத் தூக்கிவிடுவதால் சத்தம் கசியும். மெத்தை மென்மையாக உள்ள வகை ஓரளவு சமாளிக்கும். நாலைந்தை ஒரு திறந்த பெட்டியில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி வையுங்கள். ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கினால் அது அடையாளக் குறியாகிவிடும். ஒருவர் கழற்றியதும் சோப்புத் துணியால் துடைத்து, காய்ந்தபின் அடுத்தவருக்குக் கொடுங்கள்.

மணலிலும் புல்லிலும் சக்கர நாற்காலி போக விரிக்கும் சுருட்டுப்பாய்தான் பட்டியலிலேயே விலை கூடியது. மணல்தரைக்கு அந்தச் செலவு தகும். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலம் வேண்டாம். மூலைகளுக்கு மட்டும் தரையில் அடிக்கும் முளை கொடுக்கும் செட்டுகள் உண்டு. அவற்றில் நடுவில் ஓரம் சுருண்டுகொண்டு, ஓடுகிற பிள்ளைகளின் காலைத் தட்டும். மீட்டருக்கு ஒன்று வீதம் கூடுதல் முளை வாங்கி, தலை தரைமட்டத்துக்கு இறங்கும்வரை அடியுங்கள். கறுப்பு நிறம் வேண்டாம், வெறுங்காலைச் சுட்டுவிடும். 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறும் சரிவில் பாய் போட்டும் பயனில்லை, பாதையையே மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் பாயின் முனை: விளையாட்டுத் திடலின் ஓரத்தோடு பாய் முடிந்தால் அந்தப் பிள்ளை பார்வையாளர்தான். திடலுக்குள் 150 சென்டிமீட்டர் சதுரம் விரித்தால்தான் நாற்காலியைத் திருப்பி ஆட்டத்தில் சேர முடியும்.

இரைச்சலும் கூட்டமும் தாங்காத பிள்ளை சற்று ஒதுங்கியிருக்கும் 'அமைதி மூலை' என்று மூடிய பாப்-அப் டென்ட்டை விற்கிறார்கள். இதை வாங்காதீர்கள். வெயிலில் உள்ளே புழுங்கும், உள்ளே இருக்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. மரநிழலில், ஜெனரேட்டரிலிருந்தும் கழிப்பறை வரிசையிலிருந்தும் தள்ளி, இரண்டு பக்கம் திறந்த தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் போதும். உள்ளே ஒரு பாய், தண்ணீர், சாய ஒரு திண்டு. சேட்டை செய்த பிள்ளையை ஒரே ஒரு முறை அங்கே அனுப்பினாலும் அது தண்டனைக் கொட்டகை என்று பெயர் வாங்கிவிடும். உண்மையில் தேவைப்படும் பிள்ளை பிறகு அந்தப் பக்கமே போகாது.