உப்பிய லித்தியம் செல்: உப்புத் தண்ணீரா, ரெசிஸ்டரா, உலர் மணலா?

ஆன்லைனில் வாங்கிய லித்தியம் செல் உப்பிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் காதில் விழும் யோசனைகள் நாலைந்துதான். உப்புத் தண்ணீரில் போடு, ஊசியால் குத்திக் காற்றை இறக்கு, இறுக்கிக் கட்டி ஓட்டு, வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பு, பழைய இரும்புக் கடையில் தள்ளு. ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) வைத்து மெதுவாகச் சார்ஜை இறக்குவதும், உலர்ந்த மணலில் ஒதுக்கி வைப்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் கையில் எடுக்கத் தகுந்தவை இந்த இரண்டும்தான்.

முதலில், அது உப்பியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய பை போன்ற உறையில் வரும் தட்டையான பவுச் செல்லின் மேல் இருக்கும் எண்ணிலேயே அளவு இருக்கும். 103450 என்றால் 10 மி.மீ. தடிமன், 34 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம். புதுச் செல் 11 மி.மீ.-ஐத் தாண்டினாலோ, தரை ஓட்டின் மேல் வைத்தால் ஆடினாலோ உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் கலந்து நிற்கும். அதிகச் சார்ஜ், அடிமட்டம் வரை வடிந்து கிடந்தது, வெயில் சூடு, தயாரிப்பில் புகுந்த ஈரம் என்று காரணம் எதுவானாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. "ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்" என்ற சோதனை வேண்டவே வேண்டாம். உருளை வடிவ 18650 செல்லுக்கு எஃகு உறை என்பதால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உப்பாது. அதில் ஏமாற்று வேறு விதம்: கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே சுமார் 3500-தான் தரும்.

குத்துவதை ஒரே வரியில் தள்ளிவிடலாம். வெளியே வரும் வாயு தீப்பிடிக்கும், உள்ளே போகும் ஈரம் எலக்ட்ரோலைட்டில் உள்ள உப்போடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற விஷத்தை உண்டாக்கும், ஊசியே உள்ளடுக்குகளை ஷார்ட் செய்துவிடும். இறுக்கிக் கட்டுவது கொஞ்சம் வேறு கதை. சோலாருக்கு வாங்கும் 3.2 வோல்ட் பெரிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைப் புதிதிலேயே தகடு வைத்து அணைத்துக் கட்டுவது சரியான முறைதான். ஏற்கெனவே வயிறு தள்ளியதை அழுத்தித் தட்டையாக்குவது அது அல்ல.

உப்புத் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கையோடு செய்யப்படுவது இதுதான். உப்பு நீர் வழியே மின்சாரம் வடிந்து செல் காலியாகும் என்பது கணக்கு. நடப்பதோ, நேர்முனையின் அலுமினியப் பட்டை சில மணி நேரத்திலேயே அரித்துப் போய்விடும். அதன்பின் வெளியே இணைப்பு இல்லை. சார்ஜ் உள்ளேயே இருக்கும், மீட்டர் மட்டும் பூஜ்யம் காட்டும். செத்துவிட்டது என்று எடுத்து வீசுகிற செல்லில் பாதிச் சார்ஜ் மிச்சமிருக்கலாம். முனைகளில் ஹைட்ரஜனும் குளோரினும் குமிழியிடும். உறையில் கீறல் இருந்தால் தண்ணீர் உள்ளே புகும். கடைசியில் அந்த வாளித் தண்ணீரை எங்கே கொட்டுவது? இங்கே கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அடுத்து வயல்.

செல் குளிர்ச்சியாக இருந்து, கசிவோ நெயில் பாலிஷ் மாதிரி வாசனையோ இல்லாமல், ஒயரும் நல்ல நிலையில் இருந்தால் ரெசிஸ்டர் வழி சிறந்தது. 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். வெளியே சிமெண்ட் தரையில் வைத்து, செல்லின் ஒயரில் கிளிப் போட்டு மாட்டுங்கள். செல்லின் மேல் சால்டர் வைக்காதீர்கள். 4.2 வோல்ட்டில் 0.42 ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டர் சுடும், ஆகவே அது செல்லிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். 2000 எம்.ஏ.எச். செல் ஐந்தாறு மணி நேரத்தில் இறங்கிவிடும். கழற்றியதும் வோல்ட்டேஜ் மெல்ல ஏறும் என்பதால் மறுநாள் வரை மாட்டியபடியே விடுங்கள். பாதுகாப்பு போர்டு (முனையில் ஒட்டியிருக்கும் சின்னச் சர்க்யூட்) உள்ள செல் சுமார் 2.5 முதல் 3 வோல்ட்டில் தானே துண்டித்துக்கொள்ளும். போர்டைப் பிரித்து மேலும் இறக்க முயல வேண்டாம், அதுவே போதும்.

மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரின் 12 வோல்ட் பேக்கில் இதே ரெசிஸ்டரை மாட்டினால் சுமார் 16 வாட் ஏறிக் கருகிவிடும். அதற்கு 12 வோல்ட், 5 வாட் பல்பு மாட்டுங்கள். மூன்று செல் தொடராக இருக்கும் பேக்கை 9 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே போனால் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஏறத் தொடங்கும். (பல ஸ்ப்ரேயர்களில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.)

சூடாக இருக்கிறது, வாசனை வருகிறது, உப்பல் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் ரெசிஸ்டரும் வேண்டாம், நேராக மணல். ஈரமும் வண்டலும் கலந்த மணலோ, நாகப்பட்டினம் பக்கத்துக் கடல் மணலோ உதவாது. ஆற்று மணலைத் தார்ப்பாயில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்க வேண்டும். இரும்பு வாளி அல்லது மண் தொட்டியில் நாலு அங்குலம் மணல், முனைகளில் டேப் ஒட்டிய செல், மேலே இன்னும் நாலு அங்குலம். பிளாஸ்டிக் வாளி உருகும், இறுக்கமான மூடி வாயுவை அடைக்கும். ஒரு வாளிக்கு ஒரு செல்தான். கூரை, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஒரு தகரம் சாய்த்து வையுங்கள். மணல் தீயை அடக்கும், சூட்டைத் தணிக்காது. அதனால் புகை கிளம்பினால் எல்லோரும் விலகி, காற்று வரும் திசையில் நின்று தண்ணீரை வாளி வாளியாக ஊற்ற வேண்டும். லித்தியம் அயன் செல்லுக்குத் தண்ணீர் நல்ல மருந்து. கைமீறினால் தீயணைப்பு நிலையத்துக்கு 101.

திருப்பி அனுப்புவது பணத்துக்கு நியாயமாகத் தோன்றினாலும் பாதுகாப்பில் மோசமானது. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற உலக அளவிலேயே தடை. பிரிக்கும்போது எடுத்த வீடியோ, ஸ்கேல் வைத்த படம், ஆர்டர் எண் மூன்றையும் அனுப்பி, பொருளைத் திருப்பாமலே பணம் கேளுங்கள். பிக்கப் ஆளை அனுப்பினால் செல் உப்பியிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழுதான பொருளுக்குப் பணம் தர விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது.

செல்லை ஒப்படைக்க இரும்புக் கடை இடமல்ல. சுத்தியல் அடி ஒன்று போதும், அங்கே வேலை செய்பவருக்குத்தான் காயம். குப்பை வண்டியிலும் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, வேறு குப்பையோடு கலக்காமல் கொடுப்பது நம்முடையது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கொண்டுபோகும்போது மணல் நிரப்பிய தகர டின்னில் வைத்து, வண்டியின் பின் கேரியரில் கட்டுங்கள். சீட்டுக்கு அடியில் வைத்தால் கீழே இன்ஜின் சூடு, பக்கத்தில் பெட்ரோல் டேங்க்.