பாஸ்கா திரி: அசல் மெழுகா, எண்ணெய்க் குழாயா?

கோயிலில் பீடத்துச் சாமான்களை வாங்குவதும் துடைப்பதும் என் தலையில் விழுந்த வேலை. பூவுக்கும் பீட விரிப்புக்கும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரி என்று பேச்செடுத்தால் மட்டும் "போன வருஷத்ததே நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். சில ஆண்டுகள் எண்ணெய் நிரப்பும் குழாய்த் திரி, அதற்குப் பிறகு அசல் மெழுகுத் திரி என்று இரண்டையும் கையாண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். இந்த இரண்டு வகையைத்தான் எல்லாரும் விற்கிறார்கள்.

முதலில் குழாய். வெளியே வெள்ளை நைலான் உறை, உள்ளே திரவ மெழுகெண்ணெய்க் குப்பி, உச்சியில் ஒரு சின்னத் திரிநூல். அதன் நல்ல குணங்களை மறைக்க மாட்டேன். சொட்டாது, கரி கக்காது, பீட விரிப்பில் கறை விழாது. எட்டாம் வகுப்புப் பீடச் சிறுவன்கூட ஒரு கையால் தூக்கிவிடுவான். எத்தனை மணி நேரம் எரிந்தாலும் உயரம் ஒரு நூல் குறையாது. சுத்தம், சிக்கனம் என்று பார்த்தால் ஐந்துக்கு ஐந்து போட வேண்டிய பொருள்.

ஆனால் இதை வாங்குவது ஓர் இரவுக்காக. ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் வெளியே தீ மூட்டி, விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு நிற்கிறோம். குருவானவர் திரியில் சிலுவையைக் கீற வேண்டும். முதலும் முடிவும் என்பதற்கு மேலே அகரம், கீழே னகரம், சிலுவையின் நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள், பிறகு இயேசுவின் ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். நைலானில் எதைக் கீறுவது? கத்தி வழுக்கிக்கொண்டு போனது. சிலுவை ஏற்கெனவே அச்சில் இருந்தது, மணிகள் ஒட்டியே வந்திருந்தன, ஆண்டுக்கு ஸ்டிக்கர். ஃபாதர் கத்தியைக் காற்றில் ஓட்டி ஜெபத்தை முடித்தார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் தட்டு ஏந்தி நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடக் கொடுமை பாஸ்கா புகழுரை. திரிக்கு முன்னால் நின்று பாடும் அந்த நீண்ட புகழுரையில் தேனீக்களின் உழைப்பு வருகிறது. உருகும் மெழுகுதான் இந்தச் சுடருக்கு உணவு என்று வருகிறது. பலருக்குப் பங்கிட்டாலும் ஒளி குறைவதில்லை என்றும் வருகிறது. இத்தனையையும் பாடும்போது எதிரே நிற்பது, உருகவே கூடாது என்பதற்காகச் செய்த ஒரு குழாய். யாராவது சிரித்திருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன்.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் அல்ல. வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 1988-இல் வெளியிட்ட சுற்றுமடலே தெளிவாகச் சொல்கிறது: பாஸ்கா திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், செயற்கையானது கூடாது, ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், கிறிஸ்து உலகின் ஒளி என்பதை நினைவூட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். "போன வருஷத்ததே" கட்சிக்கு இதைத்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

இப்போது அசல் மெழுகு. நாங்கள் வாங்கியது மூன்றடி உயரம், மூன்று அங்குலத் தடிமன், பாதிக்குச் சற்று மேல் தேன்மெழுகு. எடை ஏறத்தாழ நாலு கிலோ. திருமுழுக்குத் (ஞானஸ்நானத்) தண்ணீரை மந்திரிக்கும்போது இதைத் தொட்டிக்குள் இறக்கி ஏற்றுபவர் கையில் கொஞ்சம் வலு இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தேன்மெழுகுக்கே உரிய பூப்பு அது, வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போய்விடும்.

கத்தி இதில் இறங்கியது. சிலுவையின் கோட்டை ஒட்டி மெழுகு சுருள் சுருளாக எழுந்து தட்டில் விழுந்தது. ஆண்டின் கடைசி இலக்கத்தை ஃபாதர் பதித்தபோதுதான் இந்தச் சடங்கு எனக்கு உறைத்தது. இயேசுவின் உயிர்ப்பு என்றால் ஏதோ ஒரு காலத்தில் எருசலேமில் நடந்து முடிந்தது என்ற நினைப்போடுதான் பலர் பூசைக்கு வருகிறோம். காலமெல்லாம் கிறிஸ்துவுடையது என்று சொல்லிக்கொண்டே இந்த ஆண்டின் இலக்கத்தை மெழுகில் கீறுகிறார்கள். வேலை போன ஆண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் வந்த ஆண்டு, பிள்ளை பேசாமல் போன ஆண்டு எதுவோ, அதுவும் அந்தச் சிலுவையின் மூலையில் ஏறுகிறது. இதை ஸ்டிக்கரில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

"கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று முறை பாடிக்கொண்டே இருட்டுக்குள் திரி நுழையும். அதிலிருந்து நம் கைத்திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றும். இதுகூட ஒரு காலத்தில் சனிக்கிழமை காலையில், பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது. திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் சோதனை முறையில் இரவுக்கு மாற்ற அனுமதித்தார், 1956 முதல் அதுவே எல்லாருக்கும் முறையானது. வெயிலில் நின்று ஒளியை வரவேற்ற நம் தாத்தா பாட்டிகளின் பொறுமையை மெச்ச வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளியே காற்றடித்தால் ஒரு பக்கமாக உருகி வழிகிறது. உச்சியில் பித்தளை வளையம் போட்டால் ஓரளவு கட்டுப்படும், அதைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். சாம்பிராணி மணி பொதிந்த ஐந்து ஆணிகளில் ஒன்று ஞாயிறு காலையிலேயே கழன்று விழுந்தது. துளையைச் சற்று ஆழமாகப் போட்டு, ஆணி முனையைச் சூடாக்கிச் செருகினால் பிடிக்கும். பெரிய தொல்லை குழி விழுவது. பத்து நிமிடம் ஏற்றி உடனே அணைத்தால் நடுவில் மட்டும் உருகி, திரிநூல் தன் மெழுகிலேயே மூழ்கிவிடும். முதல் முறை ஏற்றும்போது உருகிய மெழுகு விளிம்பை நெருங்கும்வரை விட வேண்டும். திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டில் ஏழு, பிறகு திருத்தூதரின் கடிதமான திருமுகம், நற்செய்தி என்று ஒன்பது வாசகங்கள் உண்டு. நேரமில்லை என்று பழைய ஏற்பாட்டை மூன்றாகக் குறைக்கும் பங்குகள் இருக்கின்றன (செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக் கூடாது). ஒன்பதையும் வாசித்தால் ஆன்மாவுக்கு எப்படியோ, திரிக்கு நல்லது.

ஈஸ்டர் ஞாயிறு பூசையோடு பெருவிழா முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை வாங்கிப் பாருங்கள். தூய ஆவி பெருவிழா வரைக்கும் ஐம்பது நாளும் வாசக மேடைக்கு அருகே நின்று வழிபாடுகளில் எரியும், வாரா வாரம் குட்டையாகும். தவக்காலத்து நாற்பது நாளைக் கணக்கு வைத்துக் கடைப்பிடிக்கிறோம், அதைவிட நீண்ட இந்த மகிழ்ச்சிக் காலத்தை மறந்துவிடுகிறோம். குறையும் உயரம் அதை ஞாபகப்படுத்தும்.

அதன் பிறகு திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் வைத்துவிட வேண்டும். பீடத்தில் அழகுக்காக ஆண்டு முழுக்க எரிய விடுவது முறையல்ல. இரண்டு சமயம்தான் ஏற்றலாம்: குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்து அதன் திரியைப் பற்றவைக்கும்போது, அடக்கப் பூசையில் சவப்பெட்டி அருகே வைக்கும்போது. ஒரே மாதத்தில் இரண்டுக்கும் நான் ஏற்றியிருக்கிறேன். அடக்கப் பூசைக்கு வந்த ஒரு பெண்மணி திரியில் இருந்த ஆண்டைத் தடவிப் பார்த்து, "திருவிழிப்புக்கு எங்க அம்மாவும் வந்திருந்தாங்க, கைத்திரியை இதுலதான் பத்த வச்சாங்க" என்றார். பெருவிழாவைப் பற்றி நான் கேட்ட பிரசங்கம் எதுவும் அவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஆக, குழாய்த் திரிக்குப் பொருளாக ஐந்து, பாஸ்கா திரியாக ஒன்று. மெழுகுத் திரிக்கு நாலு. ஆணி கழன்றதற்காக ஒன்றைக் குறைத்துவிட்டேன். மிகப் பெரிய அளவு வேண்டாம், தூக்க ஆள் கிடைக்காது. அச்சுப் படம் போட்டதைத் தவிர்த்து, கீற இடம் விட்ட வெற்றுத் திரியாகக் கேளுங்கள். இலக்கம் சேர்த்தே வாங்குவதானால் தவக்காலம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் போன ஆண்டு இலக்கத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.