குளச்சலில் மூன்று மீன்பிடித் தடைக்காலம்: போட்டைக் கட்டிப்போட்ட அனுபவம்

புதிதாக விசைப்படகு, எங்கள் பேச்சில் போட்டு, வாங்கிய நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "மக்கா, தடைக்காலத்துக்கு குளச்சல்ல கட்டலாமா, கொச்சியிலயே விட்டுரட்டுமா?" போன வருடம் குளச்சலில் இடிபட்ட என் போட்டுக்கு அவசரத்துக்குப் போட்ட ஒட்டு விட்டுப்போய், இடதுபக்கம் முழுக்க மறுபடி ஃபைபர் அடித்து, கூலியை அன்றைக்குத்தான் எண்ணிக் கொடுத்திருந்தேன். அதனால் போனில் சூடாகப் பேசிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம். பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழில், வருடம் முழுக்க கொச்சியிலிருந்து ஓட்டம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. மூன்று வருடமாக அந்த நாட்களில் போட்டு குளச்சலில்தான் கிடந்தது. வீட்டுக்குப் பக்கம், எஞ்சின் பிரிக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் கிடைக்கும் என்பதுதான் காரணம்.

முதலில் குறை. அங்கே தண்ணீர் அடங்காது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது பெரிய அலை தடுப்புச் சுவருக்கு வெளியிலேயே உடைந்துவிடுகிறது, சரி. ஆனால் நீளமான அலை துறைமுக வாய் வழியாக உள்ளே புகுந்து மொத்தத் தண்ணீரையும் தொட்டில் மாதிரி ஆட்டும். போட்டு முன்னால் போகும், வடம் விறைக்கும். பின்னால் வரும், இடி தாங்கத் தொங்கவிட்ட டயர் நசுங்கும். விடிய விடிய இதேதான். கொச்சியில் தோப்பும்படி காயலுக்குள் இருப்பதால் அங்கே வடம் தொய்ந்தே கிடக்கும். அதைப் பார்த்துப் பழகியவனுக்குக் குளச்சலில் முதல் வாரம் தூக்கம் வராது. எனக்கு மூன்று வருடமும் வரவில்லை.

எல்லாவற்றையும் விட மோசம் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிந்திருக்கும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய புயல் அலை சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து ஏறும். நம் கரையோரம் சொல்லிவந்த இந்தப் பெயரையே 2012-ல் யுனெஸ்கோவும் எடுத்துக்கொண்டது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. போன வருடம் மே கடைசியில் நானும் அதைப் பார்த்தேன். இரண்டு வடம் கூடுதலாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரவு இரண்டு மணிக்குப் பின்வடம் அறுந்தது. புது நைலான் வடம்தான். நைலான் இழுத்தால் நீளும், அதனால் வெட்டி இழுக்கும் இழுவையைத் தாங்கும். ஆனால் காங்கிரீட் விளிம்பில் உரசினால் நிற்காது. உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைக் கோர்த்து மேலே சாக்கு சுற்றியிருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. வடத்தையும் குட்டையாகக் கட்டியிருந்தேன். குட்டை வடத்துக்கு நீள இடமே கிடையாது. இந்த இரண்டும் என் தப்பு.

பின்பக்கம் விலகிய போட்டு பக்கத்துப் போட்டில் இடித்தது. ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்திருந்தது. ஏழெட்டுப் பேர், எல்லாம் குளச்சல்காரர்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள், வேறு வடம் போட்டு இழுத்துக் கட்டி, தங்கள் டயர்களைக் கழற்றி என் போட்டுக்கு இடையில் தொங்கவிட்டிருந்தார்கள். இடி வாங்கிய போட்டின் சொந்தக்காரரும் அதில் ஒருவர். நஷ்டத்துக்கு என்ன தரணும் என்று கேட்டேன். "அத பொறவு பாப்போம், முதல்ல அந்த முன்வடத்த நீட்டிக் கட்டு மக்கா" என்றார். இன்றுவரை அவர் கணக்குக் கேட்கவில்லை. ஊருக்கு ஊர் வழக்கும் வம்பும் உள்ள நம் கடற்கரையில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அது ஒரு நாள் சமாசாரமும் அல்ல. தடை விசைப்படகுக்குத்தான், வள்ளங்களுக்கு இல்லை. கடல் கொஞ்சம் இடம்கொடுத்தால் வள்ளக்காரர்கள் போய் வருவார்கள். சாளையோ நெத்திலியோ பட்டால், போட்டில் காவல் கிடக்கும் என் பையன்களைக் கூப்பிட்டுக் கறிக்கு மீன் கொடுக்காமல் போனதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் மைனி, மழை விடாத நாட்களில் கஞ்சியும் பயறும் தூக்குவாளியில் கொடுத்து அனுப்புவார். காசைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். அப்புறம் ஒரு பாட்டா. தினமும் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வெளியூர்ப் போட்டுகளின் வடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். என் வடம் உரசுகிறது என்று அறுந்ததற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னவரும் அவர்தான்.

ஆக, மனிதர்களை மட்டும் பார்த்தால் குளச்சலுக்கு ஈடாக நான் கண்ட இடம் இல்லை. கொச்சியில் இத்தனை வருடம் தொழில் செய்கிறேன், பக்கத்துப் போட்டுக்காரர் முகம்கூட மனசில் நிற்கவில்லை.

இருந்தாலும் நண்பனே, நீ அங்கே கட்டாதே. உன் போட்டு புதுசு, கடன் இன்னும் பாக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஓடிவருவார்கள் என்று நம்பி அதை விட்டுவிட்டு வர முடியாது. நானும் இந்த வருடம் கொச்சியிலேயே விடப்போகிறேன். மைனியிடம் இன்னும் சொல்லவில்லை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பங்குனியிலேயே கேட்டுவிட்டார்.