கொரியன் படிக்க வகுப்பு வேண்டுமா? மூன்று வருஷ அனுபவம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. அதன்பின் பாகம் சப்ளை செய்யும் கம்பெனிகள் இந்தப் பக்கம் வரிசையாக வந்தன. எங்கள் லைனில் தினமும் ஒரு கொரியராவது நிற்பார். நடுவில் ஆள் வைக்காமல் அவரிடம் நேராகப் பேச வேண்டும், அதற்காகத்தான் கொரியன் தொடங்கினேன். முதல் 14 மாதம் நானே படித்தேன். அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷமாக வகுப்பு.

எழுத்துக்கு வகுப்பு வேண்டவே வேண்டாம். சீன எழுத்து படிக்க வழியில்லாத சாதாரண ஜனங்களுக்காக சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டதுதான் ஹங்குல். அடிப்படை எழுத்து 24, அதில் மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்பது, உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்குப் புதிதே இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்பது நாளில் எழுத்து கைக்கு வந்தது. ஸ்டோரில் அட்டைப்பெட்டி மேல் ஒட்டியிருந்த லேபிள்தான் என் அரிச்சுவடி.

இலக்கணத்தில் தனியாகப் படித்தவனுக்கு லாபம்தான் என்று இன்றும் சொல்வேன், அதுவும் தமிழ்க்காரருக்கு. வினை கடைசியில் வரும். நம் ஐ, கு, இல் மாதிரி உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். அதைவிட என்னை உட்கார வைத்தது துணைவினை. ‘மொகொ’ என்றால் சாப்பிட்டு, ‘பொசெயோ’ என்றால் பாருங்க. ‘மொகொ பொசெயோ’ அப்படியே நம் ‘சாப்பிட்டுப் பாருங்க’. ருசி பாருங்க என்ற அர்த்தம்கூட அதேதான். ‘மன்துரொ ஜுசெயோ’ என்றால் ‘செஞ்சு குடுங்க’. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்கும். என் நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கொரியன் என்று ஒரு வரியில் முடிந்தது. நீங்களும் தமிழிலேயே குறிப்பெடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

14 மாதம் முடிந்ததும் டோபிக் 1 எழுதினேன், அதாவது கொரிய மொழித் திறன் தேர்வின் தொடக்கநிலைத் தாள். கேட்டல் 40 நிமிஷத்தில் 30 கேள்வி, வாசித்தல் 60 நிமிஷத்தில் 40 கேள்வி, மொத்தம் 200 மார்க். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. எனக்கு 152 வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் பிரித்துப் பார்த்தால் வாசித்தல் 91, கேட்டல் 61. இந்தத் தேர்வில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். அதனால் என் நிஜமான பலவீனம் அந்தத் தாளில் பாதிகூடத் தெரியவில்லை.

காது ஏன் பின்தங்கியது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். சூப்பின் சாறுக்கு ‘குக்முல்’ என்று எழுதுவார்கள், ஆனால் வாயில் ‘குங்முல்’ என்றுதான் வரும். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது மாதிரி, மெல்லினம் பக்கத்தில் வந்தால் முன்னால் நிற்கும் எழுத்து மாறிவிடும். விதி எனக்குத் தெரியும். ஆனால் ஆள் வேகமாகப் பேசும்போது விதியை நினைக்க நேரம் ஏது?

அதைவிடப் பெரிய அடி லைனில் விழுந்தது. எங்கள் பூஜாங்நிம், அதாவது பிரிவு மேலாளர், ஒரு பாகத்தைத் திரும்ப அளக்கச் சொன்னார். சீரியலில் ஆயிரம் தடவை கேட்ட ‘அராஸ்ஸொ’வைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, முகம் மட்டும் இறுகியது. பெரியவரிடம் ‘சரிடா’ என்று சொன்னதற்குச் சமம் அது. ‘அல்கெஸ்ஸும்னிதா’ என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டுமே இருந்தன. யாரிடம் எது என்று என்னை நிறுத்திச் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வாரமே வகுப்பு தேடினேன்.

முதலில் சேர்ந்த இடம் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு பேட்ச்சில் 24 பேர். ஐந்தாவது வாரத்திலும் போர்டில் கொரியச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். எல்லாரும் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம், யார் தப்பாகச் சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும். மூன்று மாதப் பணமும் சனிக்கிழமைகளும் போயின. இப்படி ஒரு வகுப்புக்கு நானே படித்தது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, ஆறு பேர் மட்டும் இருந்த வகுப்பு. ஆசிரியை கொரியர். முதல் நாளே ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். கொரியனில் நெருப்பு, கொம்பு, புல் மூன்றுக்கும் மூன்று சொல். தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’தான். அதில் ஒன்றின் அர்த்தமும் புல் என்பது தற்செயலான அதிசயம். புல்லுக்குப் பேப்பர் நன்றாக ஆட வேண்டும், கொம்புக்கு ஆடவே கூடாது. நான் மூன்று தடவை சொன்னேன், மூன்றும் நெருப்பாகவே விழுந்தது. 14 மாதமாக நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாது.

கொம்புக்கு அவர் சொன்ன வழி: “அப்பா என்று சொல்லுங்கள்.” அங்கும் அப்பாவுக்கு ‘அப்பா’தான். “இப்போது ‘அ’வை மனதுக்குள் சொல்லி, மீதியை மட்டும் வெளியே விடுங்கள்.” அந்த ‘ப்பா’வின் அழுத்தம்தான் கொம்பின் முதல் எழுத்து. இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. நெருப்பும் புல்லும் அவ்வளவு சுலபமில்லை. இன்றைய சியோல் இளைஞர்கள் மூச்சைவிடச் சுருதியை வைத்துத்தான் இவற்றைப் பிரிக்கிறார்களாம். நெருப்பு தாழ்ந்து தொடங்கும், புல் மேலே தொடங்கும். இது எந்த ஆப்பிலும் எனக்குக் கிடைக்காத விஷயம். பழைய பழக்கத்தை உதிர்க்க ஏழெட்டு மாதம் ஆனது. புதிதாக வந்த பெண் ஒருத்தி மூன்றே வாரத்தில் பிடித்துவிட்டாள். அவளிடம் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

அதனால் என்னைக் கேட்டால், எழுத்தையும் முதல் முப்பது நாற்பது வாக்கிய அமைப்பையும் நீங்களே படியுங்கள். ‘டாக் டூ மீ இன் கொரியன்’ என்ற இணையதளத்தின் பாடங்கள் எனக்கு அதற்குப் போதுமானதாக இருந்தன. இரண்டு மாதத்துக்கு மேல் தனியாக இழுக்காதீர்கள். வாய் தப்பாகப் பழகுவதற்குள் ஒரு கொரியர் முன்னால் போய் உட்காருங்கள். வகுப்பில் சேர்ந்த பிறகும் தமிழ் நோட்டை விடாதீர்கள். வாரம் மூன்று மணி நேர வகுப்பில் சொல்வளம் வராது, அது வீட்டில் நாமே சேர்க்க வேண்டியது. நான் இன்றும் ராத்திரி அரைமணி நேரம் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்து கேட்கிறேன்.

சேருவதற்கு முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். உள்ளே போனதும் போர்டைப் பாருங்கள், அதில் ஹங்குல் இருக்கிறதா என்று. பிறகு, ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியாக எத்தனை தடவை பேச வைக்கிறார் என்று எண்ணுங்கள். நான் முதலில் போன இடத்தில் எனக்கு வந்தது ஒன்று. இப்போதைய வகுப்பில் பத்துக்குக் குறைந்ததில்லை.