குளிராத பொவண்டோ

விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் குளிர்பானமான பொவண்டோவைப் பற்றி எழுதுமுன், அதை எந்த நிலையில் குடித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் பாட்டிலைப் பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடையில், வாழைத்தாருக்குக் கீழே வெயில் படும் இடத்தில் வைத்திருந்த பெட்டியிலிருந்து கடைக்காரர் எடுத்துத் தந்தார். மூடியைத் திருகியதும் நுரை பொங்கிக் கை நனைந்தது. வாயில் வெறும் இனிப்புதான் நின்றது. அருகிலேயே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குள் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் பாட்டில்களே வரிசையாக நின்றன. "பெட்டி அவங்க குடுத்ததுங்க, இத உள்ள வெச்சா எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் இன்னொரு பாட்டிலை வாங்கி வீட்டில் மூன்று மணி நேரம் குளிரவைத்து, புரோட்டா சால்னாவுக்குப் பின் குடித்தபோது அது வேறு பானமாகவே இருந்தது. திராட்சை மணம் முதலில் வந்தது, இனிப்பு அடங்கியது, தொண்டையில் வாயு உறுத்தவில்லை. கோலாவை எதிர்பார்த்துக் குடிப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

இன்னொரு குளிர்பெட்டிக்கு இடமோ மின்கட்டணத்துக்குப் பணமோ இல்லாத சிறுகடையில், எந்தப் பானம் விற்கும் என்பதைப் பெட்டியின் சொந்தக்காரரே முடிவு செய்துவிடுகிறார். இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. தன் குளிர்பெட்டி ஒன்றே இருக்கும் கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைப் பிறர் பானங்களுக்கு விடுவதாகக் கோகோ கோலா அளித்த உறுதியை ஐரோப்பிய ஆணையம் 2005இல் சட்டப்படி கட்டாயமாக்கியது. போட்டிப் பானமான பிக் கோலாவை விற்பதை நிறுத்தும்படி நெருக்கப்பட்டதாக மெக்சிகோ நகரப் பெட்டிக்கடைப் பெண்மணி ஒருவர் கொடுத்த புகாரிலிருந்து எழுந்த வழக்கில், அந்நாட்டுப் போட்டி ஆணையமும் அதே நிறுவனத்துக்கும் அதன் பாட்டில் ஆலைகளுக்கும் அபராதம் விதித்தது. பணத்தால் போட்டியை முடிப்பது இன்னொரு வழி: 1993இல் இந்தியாவுக்குத் திரும்பிய கோகோ கோலா இந்திய நிறுவனமான பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பானங்களை வாங்கியது, கோல்ட் ஸ்பாட் பின்னர் கடைகளிலிருந்தே மறைந்தது.

சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் பன்னாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது பலர் பொவண்டோவைத் தேடி வாங்கினார்கள். அந்தச் சூடு தணிந்தபின் நான் பார்த்த கடைகளில் பழைய பெட்டிகள் பழையபடியே ஓடுகின்றன.

குளிர்ந்த பொவண்டோவுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். வெயிலில் நின்றதற்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது. பெரிய பாட்டிலாக வாங்கி வீட்டில் குளிரவைத்துக் குடியுங்கள்.