பேஸ் கிற்றாருக்கு என்வலப் ஃபில்டர்: பல வருடப் பாவனைக்குப் பின்னர்

பேஸ் கிற்றாருக்கென ஒரு என்வலப் ஃபில்டர் பெடல் (விரலின் அடிக்கேற்ப சத்தத்தை “வாவ்” என்று அசைக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அதில் எத்தனை விதமான சத்தங்கள் வரும் என்பதைத்தான். எம்.எக்ஸ்.ஆர். எம்82 என்ற பெடலைத் திருகோணமலையில் கோவில் திருவிழா மேடைகளிலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோர ஹோட்டல்களிலும், கலியாண மண்டபங்களிலும் பல வருடங்களாகப் பாவித்துவரும் எனக்கு, வேறு இரண்டு கேள்விகளே முக்கியமாகப் படுகின்றன. என் விரலின் அழுத்தத்தை இந்தப் பெடல் எவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடர்கிறது? ஃபில்டர் வேலை செய்யும்போது பேஸின் அடிச்சத்தம் எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் நல்ல விடை தரும் பெடலில் ஒரேயொரு வகைச் சத்தம் இருந்தாலும் போதும். தராத பெடலில் இருபது வகை இருந்தாலும் மேடையில் அதனால் பயனில்லை.

உள்ளே நடப்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் தெரிவு செய்வது இலகுவாகும். கிற்றாரிலிருந்து வரும் சமிக்ஞை பெடலுக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை ஃபில்டர் வழியாகச் சென்று வெளியே வருகிறது. மற்றப் பாதையில் அதே சமிக்ஞை சீராக்கப்பட்டு, ஒரு கொள்ளளவியால் மட்டப்படுத்தப்பட்டு, வாசிப்பின் பலத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு வோல்ற்றளவாக மாறுகிறது. அந்த வோல்ற்றளவுதான் ஃபில்டரின் வெட்டு மீடிறனை, அதாவது அது சத்தத்தை வெட்டத் தொடங்கும் இடத்தை, நகர்த்துகிறது. வா பெடலில் ஃபில்டரை நகர்த்தப் பாதம் செய்யும் வேலையை இங்கே விரல் செய்கிறது. 1972 இல் மைக் பீகல் வடிவமைத்து மியூசிட்ரோனிக்ஸ் வெளியிட்ட மியூ-ட்ரோன் த்ரீ பெடலில், அந்த வோல்ற்றளவு ஒரு சிறிய ஒளிமூலத்தை ஒளிரச் செய்ய, அதன் ஒளி பட்டுத் தடை மாறும் உறுப்புகள் ஃபில்டரை நகர்த்தின. அமெரிக்க ஃபங்க் இசைக்கலைஞர் பூட்ஸி கொலின்ஸ் அதனைப் பேஸில் வாசித்துப் புகழ் பெற்றார். இன்று கடைகளில் காணும் பெரும்பாலான என்வலப் ஃபில்டர்கள் அந்தப் பெடலின் வழியில் வந்தவையே.

பேஸுக்கு வரும்போது ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. திறந்த ஈ தந்தியின் அடிப்படை மீடிறன் 41.2 ஹேர்ட்ஸ், ஏ தந்தி 55, டீ தந்தி 73.4, ஜீ தந்தி 98 ஹேர்ட்ஸ். காதுக்கு "வாவ்" என்று கேட்கும் அசைவோ பெரும்பாலும் சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேலேதான் நிகழ்கிறது. நடுவே ஒரு பட்டையை மட்டும் விடும் பாண்ட்பாஸ் வகை ஃபில்டர் தான் நிற்கும் இடத்துக்குக் கீழேயுள்ளவற்றையும் வெட்டிவிடுவதால், பெடலை மிதித்த கணத்தில் பாடலின் அடித்தளமே கழன்றுவிடுகிறது. கீழ்ச்சத்தத்தை விட்டு மேற்பகுதியை வெட்டும் லோபாஸ் வகையில் அடிப்படைச் சுரம் தப்பிவிடும்; ஆனால் ஃபில்டரின் கூர்மையைக் கூட்டும் கியூ குமிழைக் கூட்டக் கூட்ட, பரிவு ஏற்படும் இடம் (ஃபில்டர் தானே சத்தத்தை உயர்த்திக் காட்டும் இடம்) மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கீழ்ப்பகுதி ஒப்பீட்டில் மெலிந்து கேட்கும். வீட்டில் தனியே வாசிக்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை. எங்கள் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் அண்ணைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. "தம்பி, அந்தப் பெடலை மிதிச்சவுடன கீழ்ச்சத்தம் போயிடுது, எனக்குக் கிக் தனிய நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய ட்ரம். அது ஒத்திகைக்காக இன்னொருவரிடம் இரவல் வாங்கிய, கிற்றாருக்கென்றே செய்யப்பட்ட ஒரு பெடல். எம்82 ஐ நான் தெரிவு செய்ததற்குக் காரணம் அவர் சொன்ன அந்த ஒரு வசனம்தான்.

எம்82 இல் ஐந்து குமிழ்கள் உள்ளன: ட்ரை, எஃப்எக்ஸ், டிகே, கியூ, சென்ஸ். ஃபில்டர் படாத தூய சத்தத்தின் அளவும் (ட்ரை) ஃபில்டர் பட்ட சத்தத்தின் அளவும் (எஃப்எக்ஸ்) தனித்தனிக் குமிழ்களில் இருப்பதே இந்தப் பெடலின் பெரும் பலம். ஒரே குமிழைத் திருப்பி ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் அமைப்பில், பெடலை மிதிக்கும்போது மொத்தச் சத்தம் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்வது சிரமம். இங்கே ட்ரை குமிழைப் பெடல் இல்லாத நிலையின் சத்தத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எஃப்எக்ஸ் குமிழைத் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம். அடிச்சத்தம் இருந்த இடத்தில் இருக்க, அதன் மேலே ஃபில்டர் பேசுகிறது. சிறு மண்டபங்களில் நான் எஃப்எக்ஸை ட்ரையை விடச் சற்றுக் குறைவாகவே வைக்கிறேன். தனி வாசிப்புக்கு இடம் கிடைக்கும் பாடலில் மட்டும் ட்ரையைப் பாதியாகக் குறைப்பேன்.

சென்ஸ் குமிழைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். விரலின் எவ்வளவு பலத்துக்கு ஃபில்டர் திறக்கத் தொடங்கும், எவ்வளவு பலத்தில் முழுமையாகத் திறந்து நிற்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. அளவுக்கு மேல் வைத்தால் மெல்லத் தொட்டாலும் ஃபில்டர் ஒரேயடியாகத் திறந்து அங்கேயே நிற்கும்; அசைவே கேட்காது. அளவுக்குக் கீழே வைத்தால் பேஸின் மேல் ஒரு போர்வை போர்த்தியதுபோல மந்தமாக இருக்கும். நான் செய்வது இதுதான்: ட்ரையை முழுவதும் மூடிவிட்டு, ஏ தந்தியின் ஐந்தாம் கட்டையில், அந்த மாலை நான் வாசிக்கப்போகும் மிக மெல்லிய அடியைத் திரும்பத் திரும்ப அடித்தபடி சென்ஸைப் பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்றுவேன். ஃபில்டர் சற்றே வாய் திறக்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி, அதே சுரத்தை முழுப் பலத்துடன் அடித்துப் பார்ப்பேன். அந்த அடியில் மட்டும் அது முழுமையாகத் திறந்தால் குமிழ் சரியான இடத்தில் இருக்கிறது. மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் ஒரு மயிரிழை பின்னே இழுப்பேன். அதன் பிறகே ட்ரையைத் திறப்பது.

இந்த இடம் எல்லாக் கிற்றாருக்கும் ஒன்றல்ல. பற்றரி போட்ட அக்டிவ் பேஸிலிருந்து பொதுவாகப் பலமான சமிக்ஞை வருவதால் சென்ஸைக் குறைக்க வேண்டும். பாசிவ் பேஸுக்குக் கூட்ட வேண்டும். தந்தியைக் கட்டை விரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையில் அந்த விரலின் அடி மிகக் கூர்மையான உச்சத்தோடு வருவதால், விரல் வாசிப்புக்கு வைத்த அளவு அதற்குப் பொருந்தாது. பாடலின் நடுவே குனிந்து குமிழைத் தேட முடியாது; ஆகையால் ஸ்லாப் பகுதி வரும்போது கிற்றாரின் வொலியூமைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். பெடலுக்குள் போகும் சமிக்ஞை குறைந்தால் சென்ஸைக் குறைத்த பலனே கிடைக்கும். அதனால் இந்தப் பெடல் கிற்றாரிலிருந்து வரும் வயரில் முதலாவதாக நிற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முன்னே ஒரு கொம்பிரசரை வைத்தால், மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே மட்டத்துக்கு வந்து, ஃபில்டருக்குப் பின்தொடர எதுவும் மிஞ்சாது. கொம்பிரசரின் சரியான இடம் ஃபில்டருக்குப் பின்னால்தான். பரிவு உச்சம் ஏதாவது ஒரு சுரத்தோடு பொருந்தும்போது திடீரெனத் துள்ளும் சத்தத்தை அது அங்கே அடக்கித் தருகிறது. ஒக்ரேவ் பெடல் (வாசிக்கும் சுரத்தோடு அதன் கீழ் அல்லது மேல் ஸ்தாயியைச் சேர்ப்பது) வைத்திருப்பவர்கள் அதை மட்டும் ஃபில்டருக்கு முன்னே வைக்கலாம். சுரத்தைத் தெளிவாகக் கண்டுபிடிக்க அதற்குத் தூய சமிக்ஞை வேண்டும். அது சேர்க்கும் சத்தத்தை ஃபில்டர் மேலும் அழகாகச் செதுக்கும்.

தந்தியும் முக்கியம். ஃபில்டர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் மேற்சுரங்களில் எதை விடுவது, எதை மறிப்பது என்று மட்டுமே பார்க்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மேற்சுரங்கள் குறைந்த, தட்டையான கம்பி சுற்றிய ஃபிளற்வூண்ட் தந்தியிலோ, மாதக்கணக்கில் வியர்வையும் உப்பும் ஏறிச் செத்துப்போன, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட் தந்தியிலோ எந்த விலையுயர்ந்த பெடலும் பெரிதாகப் பேசாது. பெடலைக் குறை சொல்வதற்கு முன்னர் தந்தியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

டிகே குமிழ், திறந்த ஃபில்டர் எவ்வளவு விரைவில் மூடுகிறது என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எங்கள் ஊர் மேடைகளில் இதன் அருமை இலங்கைத் துள்ளலிசையான பைலா வாசிக்கும்போது தெரியும். ஆறு எட்டுத் தாளத்தில், நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஒவ்வோர் அடியிலும் மூன்று சிறு அடிகள் வருவதால், ஒரு சிறு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 0.17 செக்கன்தான் இருக்கும். அதற்குள் ஃபில்டர் மூடி மீண்டும் திறக்கத் தயாராகாவிட்டால், முதல் சுரம் மட்டும் "வாவ்" என்று ஒலிக்க, பின்வருபவை எல்லாம் திறந்த நிலையிலேயே கடந்து போகும். ஆகவே பைலாவுக்கு டிகேயை மிகக் குறைவாக வைத்து, சுரங்களையும் விரலால் சற்று வெட்டி வாசிக்கிறேன். மெதுவான சினிமாப் பாடல்களுக்கு அதைக் கூட்டினால், நீண்ட சுரத்தின் வாலோடு சேர்ந்து ஃபில்டரும் மெல்ல இறங்கிவரும். கியூ குமிழை நான் பாதிக்கு மேல் கொண்டுபோவது அரிது.

திருவிழா மேடைகளில் இந்தப் பெடல் எனக்கு எதிர்பாராத ஓர் உதவியும் செய்தது. வீதி நீளத்துக்குக் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கிகளால் பேஸின் ஆழ்ந்த சுரங்களைத் தர இயலாது. மேடைக்கு அருகேயுள்ள பெரிய பெட்டிகளைத் தாண்டி நின்று கேட்பவருக்கு என் வாசிப்பு அங்கே ஒரு தாளமாகக்கூட எட்டுவதில்லை. ஃபில்டரின் பரிவு உச்சமோ, அந்தக் குழாய்கள் தெளிவாகத் தரும் நடு மீடிறன்களைத் தொட்டுச் செல்கிறது. அதனால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் தொலைவில் நிற்பவருக்கும் கேட்கிறது. எல்லாப் பாடலிலும் இதைச் செய்தால் காது களைத்துவிடும். ஒரு நிகழ்ச்சியில் மூன்று நான்கு பாடல்களுக்கு மேல் நான் மிதிப்பதில்லை.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. எம்82 க்கு 9 வோல்ற் போதும். ஆனால் ஒரே அடப்டரிலிருந்து தொடராகப் பல பெடல்களுக்கு வயர் கொடுக்கும்போது, குறிப்பாக டிஜிட்டல் பெடல் ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது, நிலவயர் வழியாக வரும் இரைச்சல் ஃபில்டருக்குள் புகுந்து, நான் வாசிக்காத வேளையிலும் ஒரு சீறலாகக் கேட்டது. மலிவான அடப்டர் ஒன்று 100 ஹேர்ட்ஸ் முனகலைத் தந்தது. எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதை நேரோட்டமாகச் சீராக்கும்போது எஞ்சும் அலை 100 ஹேர்ட்ஸில் விழுகிறது. திறந்த ஜீ தந்தியோ 98 ஹேர்ட்ஸில் ஒலிப்பதால், அந்தச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது இரண்டும் உரசி ஒருவித நடுக்கம் எழுந்தது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு தரும் மின்வழங்கியை வாங்கிய பின்னர் இரண்டும் நின்றுவிட்டன. பெடலுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி வைப்பது வீண்போகாது.

கடற்கரை ஊரில் வாழ்பவர் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரி காலத்தில், கரையோர நிகழ்ச்சி ஒன்று முடிந்து பெடலைத் துடைக்காமல் பையில் போட்டால் ஜாக் துளைகளிலும் திருகாணிகளிலும் பச்சையும் துருவும் பிடிக்கத் தொடங்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைக்கிறேன். குமிழைத் திருப்பும்போது கரகரவென்ற சத்தம் எழுந்தால், எலக்ரோனிக் கடைகளில் கிடைக்கும் கொன்டாக்ற் கிளீனரைச் சிறிது அடித்து, குமிழைப் பல முறை இரு பக்கமும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எம்82 எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஃபில்டர் மேலிருந்து கீழே இறங்கும் சத்தம் வேண்டுமென்றால் அது இதில் இல்லை. ஈ.பி.எஸ். நிறுவனத்தின் பேஸ்ஐகியூவில் மேலே, கீழே, ஹைகியூ என்ற மூன்று நிலைகளை ஒரு சிறு ஆளி மூலம் மாற்றலாம். அகிலார் ஃபில்டர் ட்வினில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ஃபில்டர்கள் உள்ளன. அவற்றைக் கலந்து பெறும் சத்தம் உயிரெழுத்துகளை உச்சரிப்பது போன்ற தன்மையுடையது. பொஸ் ஏடபிள்யூ-3 இல் பேஸுக்கென்று தனி உள்ளீட்டுத் துளையே உண்டு. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் மைக்ரோ கியூ-ட்ரோனின் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். தூய சத்தத்தைக் கலக்கும் குமிழ் அதில் இல்லாததால் பேஸுக்குத் தனியாக ஒரு பிளெண்டர் பெடல் தேவைப்படும். ஃபஸ் (சத்தத்தைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் பெடல்) பாவிப்பவர்கள் கியூ-ட்ரோன் பிளஸைப் பார்க்கலாம். அதிலுள்ள லூப்பில் (வேறு பெடலை இடையே இணைக்கும் துளைகளில்) ஃபஸைச் செருகினால், ஃபில்டர் ஃபஸ் பட்ட சத்தத்தைச் செதுக்கும். அதன் அசைவையோ ஃபஸ் படாத மூலச் சமிக்ஞையே தீர்மானிக்கும். விரலின் ஏற்ற இறக்கம் அங்கே அழியாமல் நிற்கிறது.

திருகோணமலையில் இவற்றை வாசித்துப் பார்த்து வாங்கும் வசதி இல்லை. கொழும்புக் கடைகளுக்குப் போகும்போதோ, கனடாவிலோ லண்டனிலோ இருந்து உறவினர் வரும்போதோதான் பெரும்பாலும் வாங்குகிறோம். கடைக்குப் போவதானால் உங்கள் சொந்தப் பேஸைத் தூக்கிக்கொண்டு போங்கள். கடையிலுள்ள பேஸில் நன்றாக இருந்த சென்ஸ் அளவு உங்களுடையதில் இராது. பாவித்த பெடலை வாங்குவதானால், ட்ரையை மூடி மெல்லிய அடியும் பலத்த அடியும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு குமிழையும் சத்தம் வரும்போதே முழுச் சுற்றுத் திருப்புங்கள், ஜாக்கைச் செருகிய பின் மெல்ல ஆட்டுங்கள். பின்மூடியைக் கழற்ற அனுமதித்தால் பற்றரி வைக்கும் இடத்தில் கசிவின் வெண்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அடப்டரின் நடு முனை எதிர்முனைதானா (மைனஸ்) என்பதைச் செருகுவதற்கு முன்னர் அதன் சிட்டையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.